கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போனால் கையை விட்டு எவ்வளவு போகும்? முழுமையான வழிகாட்டி

ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கோ சேவைக்கோ, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போட நீதிமன்றக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மலர்ந்துவிடும். "அப்ப சும்மா ஒண்ணு போட்டு விடலாமே சார்!" என்பார். அங்கேதான் நான் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக் கூட்டல் கணக்கைத் தொடங்குவேன். கட்டணம் பூஜ்யம் என்பது உண்மை. ஆனால் செலவு வேறு வழிகளில் வரும். அது எந்த வழியில், எந்தக் கட்டத்தில், எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு போகிறவர் பாதியில் விட்டுவிட்டு ஓடுவதில்லை.

வெளிநாடுகளில் சின்னத் தொகை வழக்குகளுக்கென்றே தனி நீதிமன்றம் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அந்த வேலையை அதிகமாகச் செய்வது நுகர்வோர் ஆணையம்தான். சென்னையில் சிறுவழக்கு நீதிமன்றம் என்று ஒன்று 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கிறது என்றாலும், அங்கே போனால் வாடகை வழக்கும் விபத்து இழப்பீட்டு வழக்கும்தான் கண்ணில் படும். கடைக்காரர் ஏமாற்றினார், கம்பெனி சர்வீஸ் செய்யவில்லை, இன்சூரன்ஸ் கிளெய்மை மறுத்துவிட்டார்கள் என்பதற்கெல்லாம் உங்கள் மாவட்ட ஆணையமே இடம். இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றித்தான்.

முதல் படி: உங்கள் சண்டை இங்கே செல்லுமா?

தவறான இடத்தில் வழக்குப் போடுவதைப் போலக் காசும் காலமும் வீணாகும் வேலை வேறில்லை. ஒன்றரை வருடம் கழித்து "இது நுகர்வோர் வழக்கல்ல, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்" என்று திருப்பி அனுப்பினால் அத்தனை அலைச்சலும் தண்டம்.

நீங்கள் காசு கொடுத்து, சொந்த உபயோகத்துக்காக வாங்கியிருக்க வேண்டும். மறு விற்பனைக்கோ பெரிய வியாபாரத்துக்கோ வாங்கியது சேராது. ஆனால் பிழைப்புக்காகத் தானே ஓட்ட வாங்கிய ஆட்டோ, தானே தைக்க வாங்கிய தையல் மெஷின் போன்றவை சேரும். நண்பருக்குக் கொடுத்த கைமாத்து திரும்பவில்லை என்றால் அது சிவில் வழக்கு. தமிழ்நாட்டில் பண வழக்குக்கான கோர்ட் கட்டணம் முன்பு ஏழரை சதவீதமாக இருந்தது. 2017-இல் மூன்று சதவீதமாகக் குறைத்தார்கள். ஒரு லட்சம் ரூபாய்க்கு வழக்குப் போட மூவாயிரம் கட்ட வேண்டும். வீட்டு ஓனர் அட்வான்ஸைத் தர மறுக்கிறார் என்பதும் இங்கே வருவதில்லை.

தனியார் மருத்துவமனை சேவை இதில் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது. அரசு மருத்துவமனையில் எல்லோருக்கும் இலவசமாகத் தரும் சிகிச்சை வராது. வக்கீல் சரியாக வழக்கு நடத்தவில்லை என்று இங்கே வர முடியாது என 2024 மே மாதம் தீர்ப்பாகியிருக்கிறது.

எந்த ஊரில் போடுவது? 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது ஒரு பெரிய நன்மை கிடைத்தது. கம்பெனியின் அலுவலகம் மும்பையிலோ குருகிராமிலோ இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பழைய சட்டத்தில் இது இல்லை. ஆன்லைனில் பொருள் வாங்குகிறவர்களுக்கு ரயில் செலவு மிச்சம்.

கெடு இரண்டு வருடம். பிரச்சினை முளைத்த நாளிலிருந்து கணக்கு. கஸ்டமர் கேருக்கு நீங்கள் போட்ட போனும் அனுப்பிய மெயிலும் இந்தக் கெடுவை நீட்டாது. கெடு தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனி மனு போட வேண்டும். அதற்கொரு வாதம், அதற்கு இரண்டு மூன்று வாய்தா. ஏற்றுக்கொள்வார்கள் என்ற உறுதியும் இல்லை.

இரண்டாம் படி: கட்டணம்

இது சுலபம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. ஐந்துக்கு மேல் பத்து லட்சம் வரை 200 ரூபாய், பத்துக்கு மேல் இருபது வரை 400, இருபதுக்கு மேல் ஐம்பது லட்சம் வரை 1,000. ஐம்பது லட்சத்தைத் தாண்டினால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும்.

பலரும் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. இந்தத் தொகை நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டைக் குறிப்பதில்லை. பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த விலையைத்தான் பார்ப்பார்கள். இருபதாயிரம் ரூபாய் போன் வெடித்துக் கையில் தீக்காயம் பட்டு, ஆறு லட்சம் நஷ்டஈடு கேட்டாலும் கட்டணம் பூஜ்யம்தான். பழைய சட்டத்தில் விலையையும் நஷ்டஈட்டையும் கூட்டிப் பார்த்தார்கள். விலையை மட்டும் அளவுகோலாக வைப்பது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் உறுதி செய்தது. இன்னமும் பழைய கணக்கைச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். கேட்டு ஏமாற வேண்டாம்.

மூன்றாம் படி: செலவில்லாத கதவுகளை முதலில் தட்டுங்கள்

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். போன் வேண்டாம் என்றால் 8800001915 என்ற வாட்ஸ்அப் எண், இணையதளம், ஆப் எல்லாம் உண்டு. அவர்கள் உங்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்குவார்கள். உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. ஆனாலும் பெரிய ஆன்லைன் கடைகள், போன் கம்பெனிகள், விமான நிறுவனங்கள் போன்றவை இந்த அமைப்போடு இணைந்திருப்பதால், ரீஃபண்ட் சம்பந்தப்பட்ட தகராறுகள் இங்கேயே முடிந்துவிட வாய்ப்பு அதிகம். தெருமுனைக் கடைக்காரரிடம் இது அவ்வளவாக எடுபடாது.

முடியாவிட்டாலும் நஷ்டமில்லை. புகார் எண்ணும் கம்பெனி தந்த பதிலும் கையில் இருக்கும். "எங்களுக்குத் தகவலே வரவில்லை" என்று பிறகு அவர்கள் சொல்ல முடியாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிடுங்கள்.

அடுத்தது நோட்டீஸ். நுகர்வோர் வழக்குக்கு முன் நோட்டீஸ் அனுப்பியே தீர வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. அனுப்புவது நல்லது, அவ்வளவே. வக்கீல் மூலம்தான் அனுப்ப வேண்டும் என்றும் இல்லை. "வக்கீல் நோட்டீஸ்" என்ற தலைப்புக்காகவே இரண்டாயிரம் மூவாயிரம் கொடுக்கிறார்கள். ஒரு தாளில் நீங்களே எழுதலாம்: எந்தத் தேதியில் என்ன வாங்கினேன், எவ்வளவு கொடுத்தேன், என்ன கோளாறு, எத்தனை முறை சொன்னேன், இப்போது என்ன வேண்டும், பதினைந்து நாளில் செய்யாவிட்டால் ஆணையத்துக்குப் போவேன். மிரட்டல் வசனம் தேவையில்லை. நாளைக்கு அந்தத் தாளை ஆணையத் தலைவர் படிப்பார் என்ற நினைப்போடு எழுதுங்கள்.

பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. கவுன்ட்டரில் "ரிஜிஸ்ட்ரேஷனோடு ஸ்பீடு போஸ்ட்" என்று கேட்டு வாங்குங்கள்; பெயருக்குரியவர் கையில்தான் கொடுப்பார்கள். ஐம்பது கிராமுக்குள் இருந்தால் உள்ளூருக்கு 19 ரூபாய், தூரத்து ஊருக்கு 47; ரிஜிஸ்ட்ரேஷனும் ஜிஎஸ்டியும் தனி. ரசீதைப் பத்திரப்படுத்துவதோடு, இரண்டு நாள் கழித்து டிராக்கிங் பக்கத்தில் "டெலிவரி ஆனது" என்று வருவதையும் பிரின்ட் எடுத்து வையுங்கள். இந்த ஒரு தாள் பிற்பாடு ஒரு வாய்தாவையே மிச்சப்படுத்தும்.

நான்காம் படி: தாள் செலவு

வழக்குக்கு வேண்டியவை: புகார் மனு, தேதிவாரி நிகழ்ச்சிப் பட்டியல், பிரமாண வாக்குமூலம், ஆவணங்களும் அவற்றுக்கான அட்டவணையும். மாவட்ட ஆணையத்தில் மனுவைத் தமிழிலேயே எழுதலாம்.

தேதிப் பட்டியலுக்கு நேரம் ஒதுக்குங்கள். மொத்த வழக்கும் அதில்தான் நிற்கிறது. "மெஷின் வாங்கியதிலிருந்தே பிரச்சினை, பல முறை சொல்லியும் பயனில்லை" என்று எழுதினால் அதற்கு எதிர்தரப்பு வக்கீல் பத்துக் கேள்வி கேட்பார். "12.03.2025: பில் எண் இன்னது, விலை ரூ.28,000. 02.04.2025: டிரம் சுற்றவில்லை, புகார் எண் இன்னது. 09.04.2025: டெக்னீஷியன் வந்தார், ஜாப் ஷீட் நகல் ஆவணம் 3" என்று எழுதினால் கேட்க ஒன்றும் இருக்காது. டெக்னீஷியன் வந்து போகும்போதெல்லாம் ஜாப் ஷீட்டில் என்ன எழுதுகிறார் என்று பாருங்கள். மெஷின் ஓடாமல் கிடக்க, "சரி செய்யப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்பார்கள். கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே "இன்னும் ஓடவில்லை" என்று எழுதிவிட்டுப் போடுங்கள். காசு செலவில்லாத சாட்சி இதைவிட வேறில்லை.

எத்தனை பிரதி? ஆணையத்துக்கு மூன்று நான்கு செட், எதிர்தரப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு செட், உங்களுக்கு ஒன்று. எண்ணிக்கை ஆணையத்துக்கு ஆணையம் கொஞ்சம் மாறுவதால் அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஜெராக்ஸ் கடைக்குப் போங்கள். 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ரிதி தளத்தில் வழக்கை ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். இதற்கு முன் இ-தாக்கில் என்று இருந்ததன் வாரிசு. ஆன்லைனில் போட்டாலும் தாள் பிரதியும் கேட்கும் இடங்கள் உண்டு என்பதால் ஜெராக்ஸ் செலவு முழுக்கப் போய்விடும் என்று எண்ண வேண்டாம்.

வாக்குமூலத்தை நோட்டரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கோர்ட் வாசலில் குடை விரித்து உட்கார்ந்திருப்பவர்களிடம் நூறு, இருநூறில் முடியும். பத்திரத்தாள் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று அங்கேயே யாராவது சொல்லலாம். வாங்கும் முன் ஆணைய அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். வெள்ளைத்தாள் போதும் என்றால் அந்தக் காசு மிச்சம்.

யார் யாரை எதிர்தரப்பாகச் சேர்ப்பது என்பதும் செலவுக் கணக்குதான். கோபத்தில் சேல்ஸ்மேன், மேனேஜர், மண்டல அதிகாரி, எம்.டி. என்று ஏழு பேரைச் சேர்த்துக் கொண்டு வருவார்கள். ஏழு செட் ஜெராக்ஸ், ஏழு நோட்டீஸ். அதில் ஒருவருக்கு நோட்டீஸ் போய்ச் சேராவிட்டாலும் வழக்கு அங்கேயே நிற்கும். விற்ற கடை, தயாரித்த கம்பெனி. ஆன்லைன் என்றால் விற்பனையாளரும் தளமும். பெரும்பாலும் இது போதும். தயாரிப்பாளரை விட்டுவிட்டுக் கடைக்காரரை மட்டும் பிடித்தால், "கோளாறு கம்பெனியுடையது" என்று அவர் கையைக் கழுவிவிடுவார்.

ஐந்தாம் படி: கேட்பதைச் சரியாகக் கேளுங்கள்

மனுவின் கடைசிப் பத்திதான் உங்கள் பணம். கேட்காதது கிடைக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு இப்படி:

"எதிர்தரப்பினர் 1, 2 இருவரும் தனித்தனியாகவோ கூட்டாகவோ, (அ) சலவை இயந்திரத்தின் விலை ரூ.28,000-ஐ 12.03.2025 முதல் ஆண்டுக்கு 9 சதவீத வட்டியுடன் திருப்பித் தரவும், (ஆ) சேவைக் குறைபாட்டால் ஏற்பட்ட மன உளைச்சலுக்கு ரூ.25,000 வழங்கவும், (இ) வழக்குச் செலவாக ரூ.10,000 வழங்கவும் உத்தரவிட வேண்டுகிறேன்."

மூன்றாவது வரியை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். எழுதினாலும் ஆதாரம் வைப்பதில்லை. ஜெராக்ஸ், டைப்பிங், தபால், பஸ் டிக்கெட், நோட்டரி என எல்லா ரசீதையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். வாதம் முடியும் கட்டத்தில் ஒரு பக்கத்தில் கணக்கெழுதி ரசீது நகல்களோடு கொடுங்கள். கேட்ட தொகை முழுவதும் வரும் என்று சொல்ல மாட்டேன். வழக்குச் செலவு என்று ஐயாயிரம், பத்தாயிரம் என்ற ரவுண்டு தொகைகளையே தீர்ப்புகளில் அதிகம் பார்க்கிறோம். கணக்கு கையில் இருந்தால் குறைவான தொகையில் நிறுத்துவது கடினம், அதற்காகத்தான்.

மன உளைச்சலுக்குப் பத்து லட்சம், இருபது லட்சம் என்று எழுதுவதை நான் தடுப்பதுண்டு. கட்டணம் ஏறாது என்பது சரி. ஆனால் 28 ஆயிரம் ரூபாய் மெஷினுக்கு இருபது லட்சம் கேட்கும் மனுவைப் படிக்கிறவருக்கு, மற்றப் பத்திகள் மேலும் சந்தேகம் வந்துவிடும்.

ஆறாம் படி: வாய்தா, அதாவது உண்மையான செலவு

தாக்கல் செய்ததும் குறை ஏதும் உண்டா என்று அலுவலகம் சரிபார்க்கும். பக்க எண் இல்லை, தேதி தவறு, நகல் மங்கல் என்று திருப்பித் தந்தால் திருத்திக்கொண்டு மறுபடி போக வேண்டும். ஒரு நாள் போச்சு. எண் விழுந்த பிறகு, ஏற்பதா இல்லையா என்பதைப் பொதுவாக 21 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். ஏற்றதும் எதிர்தரப்புக்கு நோட்டீஸ். அவர்கள் பதிலுரை தர 30 நாள், மேலும் 15 நாள். அதைத் தாண்டி ஒரு நாள்கூடத் தர முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் தீர்த்து வைத்தது. 45 நாளுக்குப் பிறகு பதிலுரையோடு வந்து நின்றால் எழுந்து சொல்லுங்கள். வக்கீல் இல்லாதவர்கள் அப்போது பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

சாதாரண வழக்கை மூன்று மாதத்திலும், பொருளைப் பரிசோதிக்க வேண்டிய வழக்கை ஐந்து மாதத்திலும் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அப்படி முடிந்தால் பெருமாள் புண்ணியம். ஒன்று, ஒன்றரை வருடம் என்று மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

பரிசோதனை என்ற சொல்லைக் கவனியுங்கள். பொருளில் தயாரிப்புக் குறை இருக்கிறதா என்பதை ஆய்வகத்தில்தான் கண்டுபிடிக்க முடியும் என்றால், ஆணையம் மாதிரியை அனுப்பும். அதற்கான கட்டணத்தை முதலில் கட்டச் சொல்வது புகார் கொடுத்தவரை. எதிர்பாராமல் தலையில் விழும் பெரிய செலவு இதுதான். அதனால்தான் ஜாப் ஷீட்டும் கம்பெனியின் சொந்த மெயில்களும் முக்கியம். நான்கு முறை மதர்போர்டு மாற்றினோம் என்று அவர்களே எழுதியிருந்தால் ஆய்வகம் எதற்கு?

இப்போது அந்த வெள்ளைத்தாள் கணக்கு. ஒருவர் ஆணையம் இருக்கும் ஊருக்கு நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார், நாள் வருமானம் 700 ரூபாய், மெஷின் விலை 28,000, எதிர்தரப்பினர் இருவர் என்று வைத்துக்கொள்வோம். மனுவும் ஆவணமும் சேர்த்து 40 தாள், ஆறு செட், ஒரு தாள் இரண்டு ரூபாய்: 480. டைப்பிங் பத்துப் பக்கம்: 400. நோட்டரி 200. நோட்டீஸ் தபால் 100. ஃபைல், கவர், நாடா 120. ஆக தாள் செலவு 1,300 ரூபாய். தாக்கலுக்கு ஒரு நாள், திருத்தத்துக்கு ஒரு நாள், எட்டு வாய்தா என்று பத்து முறை போகிறார். பஸ்ஸும் சாப்பாடும் ஒரு நாளைக்கு 190 வைத்தால் 1,900. பத்து நாள் கூலி போனது 7,000. மொத்தம் 10,200 ரூபாய்.

பாருங்கள், பத்தாயிரத்தைத் தாண்டும் செலவில் ஏழாயிரம் யாருக்கும் கொடுத்த காசு அல்ல. வேலைக்குப் போகாததால் வராத காசு. அதற்கு ரசீது கிடையாது. ஆகவே செலவைக் குறைக்க வேண்டும் என்றால் ஜெராக்ஸில் பேரம் பேசிப் பயனில்லை, போகிற நாளைக் குறைக்க வேண்டும். வழிகள் உண்டு. காணொலி மூலம் ஆஜராக மனுக் கொடுக்கலாம், சட்டமே அனுமதிக்கிறது. பதிலுரை தாக்கல் போன்ற நாட்களில் இது போதும். வீட்டில் ஓய்வாக இருக்கும் அப்பாவோ அண்ணனோ இருந்தால், அதிகாரக் கடிதம் கொடுத்து உங்கள் சார்பில் நிற்கச் சொல்லலாம். வாய்தாத் தேதியை முதல் நாளே இணையத்தில் சரிபாருங்கள். தலைவர் விடுப்பு என்று தெரியாமல் விடியற்காலை பஸ் பிடித்துப் போய்த் திரும்புகிறவர்கள் ஏராளம். எதிர்தரப்பு காரணமில்லாமல் வாய்தா கேட்டால், செலவுத் தொகை போட்டுத் தள்ளிவைக்கும்படி கேளுங்கள். சட்டத்தில் இடம் இருக்கிறது.

போகாமல் இருந்துவிடுவது மட்டும் கூடாது. நீங்கள் வராததால் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டால், அதே மாவட்ட ஆணையம் தன் உத்தரவை மாற்றி வழக்கை மீண்டும் எடுக்க முடியாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மேல்முறையீடாக மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். ஒரு நாள் கூலியை மிச்சம் பிடித்து அந்தச் செலவில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

வக்கீல் வேண்டுமா?

கட்டாயம் இல்லை. பில்லும் ஜாப் ஷீட்டும் கையில் இருக்கும் ரீஃபண்ட் வழக்கை நீங்களே நடத்தலாம். மருத்துவக் கவனக்குறைவு, பெரிய தொகை இன்சூரன்ஸ், கட்டுமான வழக்கு என்றால் வக்கீல் இல்லாமல் இறங்க வேண்டாம்.

இடைப்பட்ட வழக்குகளுக்கு மேலே போட்ட கணக்கே வழி காட்டும். வக்கீல் பன்னிரண்டாயிரம் கேட்கிறார், அவர் இருந்தால் பத்து நாளுக்குப் பதில் மூன்று நாள் போனால் போதும் என்று வையுங்கள். மிச்சமாகும் ஏழு நாளின் மதிப்பு பன்னிரண்டாயிரத்துக்கு மேல் இருந்தால் வக்கீல் லாபம். பஸ், சாப்பாட்டுக் காசையும் சேர்த்துப் பார்த்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,500 ரூபாய்க்கு மேல் சம்பாதிக்கிறவருக்கு வக்கீல் வைப்பது மலிவு. 700 ரூபாய்க்காரருக்கு அதே வழக்கின் செலவு பதினாறாயிரத்தை நெருங்கிவிடும். உங்கள் ஊர் வக்கீல் சொல்லும் தொகையைப் போட்டு இந்தக் கணக்கை நீங்களே மாற்றிப் பார்க்கலாம்.

ஃபீஸ் பேசும்போது முழு வழக்குக்கும் சேர்த்தா, வாய்தாவுக்கு இவ்வளவா என்று முதலிலேயே கேளுங்கள். வாய்தாக் கணக்கு என்றால் வழக்கு இழுக்க இழுக்க உங்கள் பை காலியாகும். டைப்பிங், ஜெராக்ஸ், தபால் அதில் அடக்கமா என்றும் கேளுங்கள். ஜெயித்தால் வரும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுவது பார் கவுன்சில் விதிப்படி வக்கீலுக்குத் தடை செய்யப்பட்டது.

இலவச வக்கீலும் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். உதவி எண் 15100. பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வீட்டில் பில் அம்மா பேரிலோ மனைவி பேரிலோ இருந்தால் வழக்கும் அவர்கள் பேரில்தான் வரும். அப்போது இந்த உரிமையும் அவர்களுக்கு வரும். கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள். பக்கத்து ஊரில் நல்ல நுகர்வோர் சங்கம் இருந்தால் மனு எழுதித் தரவும் உதவுவார்கள்.

எவ்வளவு தொகைக்குப் போகலாம்?

1,200 ரூபாய் மிக்ஸி ஜாருக்காகப் பத்தாயிரம் செலவழிக்கலாமா என்று கேட்டால், கணக்குப்படி கூடாது. 1915-இல் போட்டுவிட்டு, நோட்டீஸ் ஒன்று அனுப்பிவிட்டு, வராவிட்டால் விட்டுவிடுங்கள் என்பேன். ஐயாயிரம் வரையிலான தகராறுகளுக்குப் பெரும்பாலும் இதுவே என் பதில். ஆணையம் உங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே இருந்து, ஓய்வு பெற்றவராகவும் இருந்தால் விஷயம் வேறு.

இதற்கு விதிவிலக்குகள் நடக்காமல் இல்லை. பாக்கெட்டில் 16 பிஸ்கட் என்று அச்சடித்துவிட்டு 15 வைத்த வழக்கில், 2023-இல் திருவள்ளூர் ஆணையம் ஒரு பெரிய நிறுவனத்தை ஒரு லட்சம் இழப்பீடும் பத்தாயிரம் வழக்குச் செலவும் தரச் சொன்னது. குறைந்த பிஸ்கட்டின் மதிப்பு 75 பைசா. மறுபக்கம், உத்தரப் பிரதேசம் மதுராவில் 1999-இல் ரயில் டிக்கெட்டுக்கு இருபது ரூபாய் அதிகம் வாங்கிவிட்டார்கள் என்று போட்ட வழக்கு 2022-இல்தான் முடிந்தது. ஜெயித்தவர் ஒரு வக்கீல். 22 வருடம் ரயில்வேயோடு மல்லுக்கட்ட அவரால் முடிந்தது. அடுத்தவருக்குக் கூலி போகும். பத்திரிகையில் வரும் தீர்ப்பை வைத்து உங்கள் வழக்கை எடை போடாதீர்கள்.

இடையில் சமரசம் வரும். முதல் வாய்தாவிலோ அதற்கு முன்போ கம்பெனி வக்கீல் ஓரமாகக் கூப்பிட்டு, "விலையைத் தந்துவிடுகிறோம், முடித்துக்கொள்ளுங்கள்" என்பார். விலையோடு அதுவரை ஆன செலவும் சேர்ந்து வந்தால் ஏற்பதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. காசோலை கைக்கு வந்து, வங்கியில் பணம் ஏறும் வரை வழக்கை வாபஸ் வாங்கக் கையெழுத்துப் போடாதீர்கள். ஆணையத்தின் முன்னால் சமரச உத்தரவாகவே பதிவு செய்யச் சொல்வது இன்னும் நல்லது.

ஏழாம் படி: தீர்ப்புக்குப் பிறகு

தீர்ப்பின் சான்றிட்ட முதல் நகல் இலவசம். வாங்கிய கையோடு எதிர்தரப்புக்கு ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு பிரதியும், உங்கள் வங்கிக் கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. எழுதிய கடிதமும் அனுப்புங்கள். "கணக்கு எண் தெரியாததால் செலுத்தவில்லை" என்ற பதிலை இதற்குள் நிறையப் பேர் கேட்டிருப்பார்கள்.

அவர்கள் மேல்முறையீடு போக 45 நாள் அவகாசம் உண்டு. ஆனால் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டினால்தான் மாநில ஆணையம் மனுவை எடுக்கும். சின்னத் தொகைக்கு மேலே போகலாமா என்று கம்பெனிகள் யோசிப்பது இதனால்தான். போனால், உங்களுக்குச் சென்னைக்கோ மதுரை அமர்வுக்கோ செலவு கூடும். அப்போதும் காணொலியைக் கேளுங்கள்.

மேல்முறையீடும் இல்லை, பணமும் வரவில்லை என்றால் நிறைவேற்று மனு. சிவில் கோர்ட் டிக்ரியைப் போலவே சொத்தை, வங்கிக் கணக்கை ஜப்தி செய்யக் கேட்கலாம். இன்னொரு பிரிவு அதைவிடக் கூர்மையானது: உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25 ஆயிரத்துக்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த மனுவுக்கு ஆகும் செலவு மறுபடியும் கொஞ்சம் ஜெராக்ஸ், ஒரு வாக்குமூலம், இரண்டு மூன்று நாள் அலைச்சல். கம்பெனியின் பெயரோடு பொறுப்பான அதிகாரியின் பதவியையும் மனுவில் குறிப்பிடுங்கள். சம்மன் ஓர் ஆள் பேருக்குப் போகும்போது பணம் சீக்கிரம் வரும்.